கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்க

நான் சொன்னால் தப்பாகத்தான் வரும், அம்மிணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைச் சொல்ல வாய் திறப்பேன், அது போய்ச் சேருமிடத்தில் வேறொன்றாக நிற்கும். என் வாயில் கோளாறா, கேட்கிறவர்கள் காதில் கோளாறா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால் நீங்கள் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், கோவையாகச் சொல்ல வராது. அந்தப் போனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வையுங்கள். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே பேசினால்தான் எனக்கு நிம்மதி.

ஆவணப்படம் எடுக்கிறவர்களைப் பற்றிக் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறீர்கள். சரி. வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஆதன் இப்போது கரூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாரே, அப்புறம் ஒரு படம்கூட எடுக்கவில்லையே, ஏன் என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? கல்யாண வீடியோவா எடுக்கிறது அந்தத் தம்பி? நல்லதாகப் போயிற்று. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வயிறாரச் சாப்பாடு கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேன்ட் நிற்க மாட்டாமல் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். கேமராவுக்கு மட்டும் மெத்தை வைத்த பை.

ஆதன் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது நாகராஜன். "ஏன் தம்பி, நாகராஜன்னா படம் எடுக்க வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தான். சிரித்தால் நல்ல பையன்தான்.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு மேல் பக்கம் சாயப்பட்டறை இருக்கிறது. பெரிய பட்டறை என்போம். கீழ்ப் பக்கம் வாய்க்கால். வாய்க்காலை ஒட்டி மரகதக்கா வீட்டுக் கிணறு. பட்டறையில் என்ன கலர் ஓடுகிறதோ அந்தக் கலர் கிணற்றில் வரும். பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில் நீலம், தீபாவளிக்கு முன்னால் பச்சை. "உனக்கென்ன மரகதக்கா, சேலைக்கு நிறம் போடணும்னா கிணத்துல முக்கிட்டு வந்தாப் போதும்" என்று நானே கேலி பேசுவேன். அந்த வருஷம் தை மாதம் கிணறு ரத்தம் போலச் சிவந்துவிட்டது. யாரோ போட்டோ எடுத்துப் பேப்பரில் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவன் பஸ் ஏறி வந்தான். வந்தவன் போகவே இல்லை.

எங்கள் மாடி ரூமில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான்தான் இருக்கட்டும் என்றேன். "உங்க முகம் கேமராவுல ரொம்ப நல்லா வருமக்கா" என்று அவன் சொன்னதற்காக ஒன்றும் நான் இடம் கொடுக்கவில்லை. ரூம் சும்மாதானே கிடந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். இதைச் சொல்கிறேன், ஆனால் எழுதாதீர்கள். அவருக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. வால்வு பார்க்கிறவர். கழிவுத் தொட்டி நிறைந்தால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஆபீசில் இருந்து போன் வரும். திறப்பார். மழை பெய்தால் கட்டாயம் போன் வரும். அவருடைய பேன்ட்டைத் துவைக்கும்போது முழங்கால் வரைக்கும் கலர் ஏறியிருக்கும். அதற்காகப் பட்டறைக்காரர்கள் சாயத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறார்கள் என்று நான் சொல்லிவிட முடியுமா? நான் கண்ணால் பார்த்தேனா? அவர் என்னிடம் சொன்னாரா? அவர் வேலை திறக்கிற வேலை, திறக்கிறார். அவ்வளவுதான். தறி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். முட்டி போய்விட்டது. இந்த வேலையை விட்டால் அவரை எடுப்பார் யாரும் கிடையாது. அதனால் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"சமையல் கேளு, தண்ணி தூக்கற கஷ்டம் கேளு, சொல்றேன். பட்டறையப் பத்தி மட்டும் எங்கிட்டக் கேக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரர் பொழப்பு அங்கதான்."

"கேக்க மாட்டேன்க்கா" என்றான்.

அவருக்கு என்ன வேலை என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உலகத்தில் உள்ளதை எல்லாம் கேட்கிறவன், அதை மட்டும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது தன் கதையைச் சொல்வான். நான்தான் அதற்கு ரசிகை. என்ஜினீயருக்குப் படித்து, நல்ல உத்தியோகத்தில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவன். முதல் படம், ஒரு ஏரி பஸ் ஸ்டாண்டு ஆன கதை. லைப்ரரி மாடியில் போட்டார்களாம். வந்தவர்களில் பாதிப் பேர் வெயிலுக்கு ஃபேன் காற்று வாங்க வந்தவர்கள். மீதிப் பேர் அவனைப் போலவே படம் எடுக்கிறவர்கள். இரண்டாவது படம் லாரி கிளீனர்களைப் பற்றி. அதை ஒரு டிவிக்காரன் போடுகிறேன் என்றானாம், கொஞ்சம் வெட்டித் தந்தால்.

"ஒரு நிமிஷம்கூட வெட்ட விட மாட்டேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்க்கா."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் போடல."

"தம்பி, சுயாதீனப் படக்காரர்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே உன்னைய. அப்படின்னா என்ன?"

"யாருகிட்டயும் கை கட்டி நிக்க வேண்டியதில்ல. நமக்கு மேல யாரும் கிடையாது."

"சம்பளம்?"

"அதுவும் கிடையாது."

"இதுக்கு எங்க ஊர்ல வேற பேரு சொல்லுவோம் தம்பி. இன்னொரு கரண்டி ரசம் ஊத்திக்க."

அவன் அம்மா போன் செய்வார். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான். "எடுத்துப் பேசு சாமி" என்பேன். "படம் முடியட்டும்க்கா, சொல்றதுக்கு எதாச்சும் இருக்கும்" என்பான்.

வேலை என்று அவன் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் எழுந்து குழாயடியில் கேமராவை வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்காருவான். குழாயில் சொட்டுகிற தண்ணீரை மதியம் வரைக்கும் எடுப்பான். என்னைக் குடத்தோடு நடக்கச் சொல்வான். "கேமராவப் பாக்காதீங்கக்கா. இயல்பா இருங்க." கேமரா இல்லாத நாளில் நான் இயல்பாகத்தான் இருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. நன்றாக நடந்து வந்தால், "இன்னொரு தடவை வாங்கக்கா" என்பான். "ஏன் தம்பி, நான் பாக்கலயே?" "நீங்க பாக்கல, ஆடு பாத்துருச்சு." ஆட்டுக்குப் புத்தி சொல்ல முடியாது என்று எனக்குச் சொன்னான். தண்ணீர் ததும்பும் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போய்த் திரும்ப வருவேன். தண்ணீர் தூக்குகிற கஷ்டத்தைக் காட்டுகிற படம். படம் எடுத்தபோது தூக்கிய அளவுக்குத் தண்ணீரை என் ஆயுசில் நான் தூக்கியதில்லை.

பேட்டி எடுப்பதில் ஒரு முறை வைத்திருந்தான். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு மைக்கை என் முந்தானையில் குத்திவிட்டுக் கேட்டான்.

"உங்க பேரு என்னக்கா?"

"துளசிமணி."

"அப்படி இல்லக்கா. என் குரல் படத்துல வராது. வெறும் துளசிமணின்னு சொன்னா, பாக்கறவங்களுக்கு என்னன்னு புரியாது. நான் கேக்கற கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்க. கேள்வியச் சொல்லிட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு, பதிலச் சொல்லுங்க. எனக்கு வெட்டறதுக்கு வசதியா இருக்கும்."

"என் பேரு என்னன்னு கேக்கறீங்க. என் பேரு துளசிமணி."

"அருமைக்கா. இன்னிக்கு என்ன சமையல்?"

"இன்னிக்கு என்ன சமையல்னு கேக்கறீங்க. இன்னிக்கு அரிசிம்பருப்புச் சோறு."

"பிரமாதம்."

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னைப் பிரமாதம் என்று சொன்னதில்லை. எனக்கு அது நன்றாகப் பிடிபட்டுவிட்டது. நாக்கு தானாகச் செய்ய ஆரம்பித்தது. பஸ்ஸில் கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்றால், "நான் எங்க போகணும்னு கேக்கறீங்க. பவானி ஒண்ணு" என்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். என் வீட்டுக்காரர் சோறு இருக்கா என்று கேட்டு, நான் சொன்ன பதிலில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். மரகதக்காவையும் தம்பி பேட்டி எடுத்தான். அது கேள்வியும் சேர்த்துச் சொல்லாது, பதிலும் சொல்லாது. பட்டறை முதலாளியின் வம்சத்தையே திட்டும். "அவங்க பேசறது படத்துக்கு ஆகாதுக்கா, கேட்டா காது கூசுது. நீங்க பேசினாத்தான் நம்பற மாதிரி இருக்கு" என்றான். அப்படிச் சொன்னது என்னிடம் வேலை வாங்கத்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

வெயில் காலம் முடிகிற சமயம். சமையல் கேட்டான், என் கல்யாணம் கேட்டான், மருமகன் ஊர் கேட்டான். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அதே குரலில், அதே சிரிப்போடு அடுத்ததைக் கேட்டான்.

"மழை பேயறப்போ பட்டறைக்காரங்க சாயத் தண்ணிய வாய்க்கால்ல திறந்து விடறாங்கன்னு ஊர்ல பேச்சு இருக்கே, உண்மையாக்கா?"

பழகின மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி என் வாய் சுற்றிவிட்டது.

"மழை பேயறப்போ பட்டறைக்காரங்க சாயத் தண்ணிய வாய்க்கால்ல திறந்து விடறாங்க."

மூச்சு விட்டேன். அவன் சொல்லிக் கொடுத்த மூச்சு. அப்புறம் பதிலைச் சொன்னேன்.

"அப்படின்னு நீங்க கேக்கறீங்க. எனக்கெப்படித் தம்பி தெரியும்? மழை பேஞ்சா நான் கதவச் சாத்திட்டு உள்ள இருக்கறவ. எங்கிட்ட இதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனல்ல?"

"சரிக்கா, சரிக்கா" என்று கேமராவை அணைத்துவிட்டான். நான் காப்பி போடப் போனேன். அன்றைக்குச் சர்க்கரைகூடச் சரியாகத்தான் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை எனக்கு.

அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய், வருஷம் திரும்பியது. ஒருநாள் போன் வந்தது, ஜெர்மனியில் இருந்து.

"அக்கா, படம் முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. உங்களுக்குத்தான் அது."

"எனக்கா? நான் என்ன தம்பி பண்ணினேன்?"

"உங்க தைரியத்துக்குக்கா."

கரப்பான் பூச்சிக்குக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். வெள்ளைக்காரர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, ஏதோ குடம் தூக்கியதைச் சொல்கிறான் போல என்று நினைத்து வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே எங்கள் ஊர்ப் போன்களுக்கு அது வந்துவிட்டது. முழுப் படம் இல்லை, ஒரு துண்டு. மரகதக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"ஏ துளசி, நீயா இது? இத்தனை நாளா உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சிருந்தயா?"

பார்த்தேன். என் முகம், பெரிதாக. மூக்குத்தியில் வெளிச்சம் விழுந்து நன்றாகத்தான் இருந்தேன். நான் பேசுகிறேன். மழை பேயறப்போ பட்டறைக்காரங்க சாயத் தண்ணிய வாய்க்கால்ல திறந்து விடறாங்க. ஒரு மூச்சு. அதோடு சரி. அந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டுச் சிவந்த கிணற்றைக் காட்டுகிறான். பின்னால் யாரோ வீணை வாசிக்கிறார்கள்.

மரகதக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. "நாங்க கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சு. எவனும் காதுல வாங்கல. நீ ஒரே வார்த்தைல முடிச்சுட்டியே தாயி" என்றது. வீதியில் எல்லோரும் என்னை நின்று பார்க்கிறார்கள். பெருமையாகப் பார்க்கிறார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஷிப்டு முடிகிறதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். மேனேஜர் லோகநாதன் கூப்பிட்டு, தன் போனில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினாராம். கோபப்படவே இல்லையாம். "உன் சம்சாரம் நல்லாப் பேசறாங்கப்பா. கொஞ்ச நாளைக்கு வீட்டுல உக்காந்து நீயும் கேளு" என்றாராம்.

அவரும் உட்கார்ந்தார். கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் டிவி பார்த்தார். ஆம்பளை பகலில் வீட்டில் இருந்தால் வீடு எப்படிச் சுருங்கிப் போகும் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும், அம்மிணி. தண்ணீர் கேட்பார். கொடுத்தால், "கேள்வியையும் சேத்துச் சொல்லு, ஜெர்மனிக்காரன் கை தட்டட்டும்" என்பார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். "உன் வாய்தான, உன் குரல்தான?" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

தம்பிக்குப் போன் போட்டேன். அழுதேன். அடுத்த நாளே வந்துவிட்டான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேமரா தோளில் இருந்தது.

"அண்ணா, நீங்க அந்தக் கட்டில்லயே உக்காந்திருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். இயல்பா இருங்க. இது ரெண்டாம் பாகத்துக்கு ரொம்ப முக்கியம்."

என் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் வைத்தார். கறிவேப்பிலை விற்கிறவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "நான் அன்னிக்குச் சொன்னதை முழுசாக் காட்டு" என்றேன். லேப்டாப்பை அரிசி டப்பா மேல் வைத்துப் போட்டான். கேள்வி, மூச்சு, எனக்கெப்படித் தம்பி தெரியும், கதவு சாத்தியது, எல்லாம் அப்படியே இருந்தது.

"இதை ஏன் தம்பி போடல?"

"அக்கா, நீங்க பயத்துல சொன்னீங்க. உங்க கண்ணு வேற சொல்லுச்சு."

"கண்ணு சொன்னத நீ வச்சுக்க. வாய் சொன்னத எதுக்கு வெட்டின?"

"நடக்கறது உண்மைதானக்கா?"

"உண்மையா பொய்யான்னு உங்கிட்ட யாரு கேட்டா? நான் சொன்னேனா இல்லயா, அதச் சொல்லு. டிவிக்காரன்கிட்ட ஒரு நிமிஷம்கூட வெட்ட விட மாட்டேன்னு சொன்ன ஆளு யாரு? அது உம் படம், அதனால வெட்டக் கூடாது. இது எம் பேச்சு, வெட்டலாம், இல்லயா?"

அவன் லேப்டாப்பை மூடினான். குக்கர் விசில் அடித்தது. கடைசியில், "தப்புதான்க்கா. அதிகாரிங்க விசாரிக்க வர்றாங்க. அங்க எல்லாருக்கும் முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றான். சொன்னால் அவன் பேர் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். முகம் வெளுத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆமாம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விசாரணை போட்டிருந்தார்கள். மரகதக்கா பத்து வருஷமாக மனு கொடுத்தும் திரும்பிப் பார்க்காதவர்கள், ஜெர்மனிக்காரன் கை தட்டியதும் ஜீப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் லோகநாதன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை எங்கள் வீதியில் கார் நிறுத்தியவர் இல்லை. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் பேசினார்.

"சென்னியப்பன் தங்கமான ஆளு. எனக்கு அவன் வேணும். ஆனா நாளைக்கு அவங்க கிணத்துத் தண்ணிய எடுத்துச் சோதிச்சுட்டாங்கன்னு வைங்க. சாயம் எப்படி வந்துச்சும்பாங்க. வால்வத் திறந்தது யாரும்பாங்க. முதலாளி எங்கயாச்சும் வால்வு திறப்பாராம்மா? அவரு வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து சாமி கும்பிட்டுட்டுப் போறவரு. கை வச்சவன் பேருதான் எழுதுவாங்க. கேஸுன்னு ஆச்சுன்னா உள்ள போறதும் அவந்தான். எனக்கு அதை நெனச்சாத்தான் தூக்கம் வரல."

என் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டார்.

"நான் என்னங்க சார் பண்ணட்டும்?" என்றேன்.

"நீங்க பேசத் தெரிஞ்சவங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று எழுந்துகொண்டார்.

என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனுஷர்கள் சொல்ல மாட்டார்கள். நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இழவுக்குப் போட்ட மாதிரி ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். நடுவில் மேஜைக்குப் பின்னால் அதிகாரிகள். தண்ணீர் விசாரணைக்கு வந்தவர்களுக்கு முன்னால் வாங்கின பாட்டில் தண்ணீர். லோகநாதன் சார் ஓரமாக நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். பையைப் பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் வாங்கிக்கொண்டார்.

முதலில் எழுந்தது தம்பிதான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான்.

"படத்துல அந்த வரி அவங்க சொன்னது இல்லீங்க. நான் கேட்ட கேள்வியை அவங்க திருப்பிச் சொன்னாங்க. பதில நான் வெட்டிட்டேன். முழுசா இதுல இருக்கு. தப்பு என்னோடது."

கூட்டம் கசகச என்று பேசியது. மரகதக்கா தலையில் கை வைத்துக்கொண்டது. எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. ஆயிற்று, நான் சொல்லவில்லை என்று ஊரறிய ஆகிவிட்டது. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வர, எழுந்து நடந்தேன்.

"இருங்கம்மா" என்றார் பெரிய அதிகாரி. நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் பேசினார். "அவர் வெட்டினது இருக்கட்டும். இப்ப வெட்டறதுக்கு இங்க யாரும் இல்ல. நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சு தண்ணி விடறாங்களா, இல்லயா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க. எப்படியும் கிணத்துல தண்ணி எடுத்துச் சோதனைக்கு அனுப்பத்தான் போறோம். செவப்பா இருக்கறத வர்ற வழியிலயே பாத்துட்டுத்தான் வந்தோம்."

பார்த்தீர்களா அம்மிணி, அந்தத் தம்பி எனக்குச் செய்த நல்லதை. பொய்யாக என் வாயில் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நிஜக் கேள்விக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். நேர்மையானவர்களோடு பழகினால் இதுதான் தொந்தரவு.

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் தண்ணீரை எடுப்பார்கள். எடுத்தால் சாயம் எங்கிருந்து வந்தது என்பார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் பையை என் வீட்டுக்காரர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அன்றைக்குத் துவைத்த பேன்ட்டைத்தான் போட்டிருந்தார். முழங்கால் வரைக்கும் கலர் போகாத பேன்ட். எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. எல்லோர் கண்ணிலும் படுமே என்று இருந்தது.

தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பயப்படாதீங்க, சொல்லுங்க என்கிற மாதிரி.

நான் சொன்னேன்.

"கிணத்துல சாயத்தக் கலக்கினதே இந்தத் தம்பிதாங்க. படத்துக்கு நல்லா இருக்கும்னு அப்பவும், இப்ப வந்தப்பவும் பாக்கெட்டப் பிரிச்சுக் கொட்டினான். எங்க மாடியில நின்னு நான் பாத்தேனுங்க. எங்க வீட்டுல தங்கின பையனாச்சேன்னு வெளிய சொல்லல."

தம்பி சிரிக்கப் பார்த்தான். அது வரவில்லை. அதிகாரி அவனைப் பார்த்து, "என்னப்பா, வெட்டினேன்னு நீயே ஒத்துக்கிட்ட. இதுவும் உண்மைதானா?" என்றார். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பேசினால் நம்புவார்கள் என்ற எண்ணம் அவனுக்கே போய்விட்டது போல. லோகநாதன் சார் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

கூட்டத்தில் மரகதக்காதான் எழுந்தது. என்றைக்கும் கத்துகிற மனுஷி, அன்றைக்குப் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"துளசி, அவன் வர்றதுக்கு முந்தியே கிணறு செவந்து கிடந்ததே. நாம ரெண்டு பேரும்தான எட்டிப் பாத்தோம்?"

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லக்கா" என்றேன். சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போகாமல், நேராக நடந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.